படம் வந்துவிட்டது, பெயர் எங்கே? ஃபோட்டோ தொகுப்பைப் புதிய மென்பொருளுக்குப் பத்திரமாக மாற்றுவது

"ஃபோட்டோ எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணியாச்சு, இனி எந்த சாஃப்ட்வேருக்கு வேணும்னாலும் போயிடலாம்" என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. காப்பி செய்தால் படங்கள் வரும். ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து போட்ட பெயர்கள், "பெரியப்பா அறுபதாம் கல்யாணம்" என்ற குறிப்பு, நட்சத்திரம், ஆல்பம், வெட்டிச் சரிசெய்த வடிவம் இவையெல்லாம் கூட வந்தனவா என்பது வேறு கேள்வி. பல சமயம் வந்திருக்காது. வராதது உடனே தெரியவும் தெரியாது. படம் கண்முன்னே இருப்பதால் எல்லாம் இருக்கிறது என்று நம்பிப் பழைய மென்பொருளை நீக்கிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவரின் பெயரைத் தேடும்போது திரையில் ஒன்றும் வராது.

மாற வேண்டிய நாள் எல்லோருக்கும் வரும். அப்பர்ச்சர் மென்பொருளை ஆப்பிள் 2015இல் விற்பனையிலிருந்து எடுத்தது. பிக்காஸா என்ற ஃபோட்டோ மென்பொருளை 2016இல் கூகுள் கைவிட்டது. கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனது. அதனால் எதில் வைத்திருக்கிறோம் என்பதைவிட, அதிலிருந்து முழுதாக வெளியே வர முடியுமா என்று தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

## ஒரு தகரப் பெட்டி, ஒரு நோட்டு

பீரோவில் ஃபோட்டோ வைத்திருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கருப்பு வெள்ளைப் படம். திருப்பினால் பின்பக்கம் பேனாவில் "1978, திருச்செந்தூர்" என்று எழுதியிருக்கும். சில படங்களில் எழுத மனம் வராமல், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிளிப் போட்டிருப்பார்கள். இது போக, வீட்டில் ஒழுங்கான ஆள் ஒருவர் இருந்தால் ஒரு நோட்டும் இருக்கும்: "மூன்றாவது தட்டு, தகரப் பெட்டி, 14வது படம். இடமிருந்து வலம் மாமா, சித்தி, சித்தியின் மாமியார்."

வீடு மாறும்போது தகரப் பெட்டியை மட்டும் தூக்கி வந்தால் என்ன ஆகும்? பின்பக்கம் எழுதியது படத்தோடு வரும். சீட்டு, வழியில் கழன்று விழாமல் இருந்தால் வரும். நோட்டு வராது. நோட்டையும் எடுத்து வந்தால்கூட, புது வீட்டில் மூன்றாவது தட்டே இல்லையென்றால் அதில் எழுதியது எந்தப் படத்தைப் பற்றி என்று சொல்ல முடியாது.

கணினியிலும் இதே கதைதான். படத்தைப் பற்றிய தகவலுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். அது மூன்று இடங்களில் இருக்கலாம்.

முதல் இடம் ஃபைலுக்கு உள்ளேயே. இது பின்பக்க எழுத்து. எடுத்த தேதி, லென்ஸ், ஷட்டர் வேகம், ஜி.பி.எஸ் இடம் ஆகியவற்றைக் கேமராவோ ஃபோனோ படம் எடுக்கும்போதே உள்ளே எழுதிவிடும்; இந்தப் பகுதிதான் எக்சிஃப். நாம் பிறகு சேர்க்கும் தலைப்பு, விவரம், குறிச்சொல், நட்சத்திரம் போன்றவற்றை எழுத அடோபி 2001இல் கொண்டுவந்த முறை எக்ஸ்.எம்.பி. இன்று நல்ல மென்பொருள்கள் எல்லாம் இதைப் படிக்கும்.

இரண்டாவது, படத்துக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் இருக்கும் ஒரு சின்ன ஃபைல். இதை சைட்கார் என்பார்கள். கிளிப் போட்ட சீட்டு இதுதான். ரா ஃபைல், அதாவது கேமரா சென்சார் தந்த தகவலைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல், ஒவ்வொரு கேமரா நிறுவனத்துக்கும் ஒரு அமைப்பில் இருக்கும். அதற்குள் கை வைத்தால் கெட்டுவிடக்கூடும் என்பதால் மென்பொருள்கள் சைட்காரில் எழுதுகின்றன.

மூன்றாவது இடம் கேட்டலாக். மென்பொருள் தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் தரவுத்தளம் இது. நம் உவமையில் அந்த நோட்டு. அடோபியின் லைட்ரூம் கிளாசிக், இலவச ஃபோட்டோ மென்பொருளான டிஜிகேம் இரண்டும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவத்தில் கேட்டலாக்கை வைத்திருக்கின்றன. ஆனால் ஒன்றின் கேட்டலாக்கை மற்றது அப்படியே திறந்து பயன்படுத்தாது. காகிதம் ஒன்று, எழுதிய கையெழுத்து வேறு.

ஆக, "என் தொகுப்பு" என்று நாம் சொல்வது படமும், படத்தில் எழுதியதும், பக்கத்துச் சீட்டும், நோட்டும் சேர்ந்தது. காப்பி செய்தால் முதலிரண்டு உறுதியாக வரும், மூன்றாவது அநேகமாக வரும், நான்காவது வராது. மாற்றும் வேலை முழுக்க ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது: கிளம்புவதற்கு முன், நோட்டில் இருப்பதைப் படத்தின் பின்பக்கம் எழுதவைப்பது.

## நோட்டில் மட்டும் இருப்பவை எவை

லைட்ரூமில் நீங்கள் ஒரு படத்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தால் அது முதலில் கேட்டலாக்கில்தான் பதிவாகிறது. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து "சேவ் மெட்டாடேட்டா டு ஃபைல்" என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் ஜேபெக் படங்களுக்கு உள்ளேயும், ரா படங்களுக்கு சைட்காரிலும் எழுதும். கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களைத் தானாக எழுதும் வசதியும் உண்டு, அதைப் போட்டுவைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தவர்களின் படங்கள், நட்சத்திரமோ குறிச்சொல்லோ இல்லாமல் வெறும் படங்களாகத்தான் புதிய இடத்தில் திறக்கும்.

அந்தக் கட்டளை கொடுத்தாலும் சில சங்கதிகள் நோட்டிலேயே தங்கிவிடும். லைட்ரூமில் அவை கலெக்‌ஷன் எனப்படும் தொகுப்புகள், ஒரே படத்தின் வேறு வடிவமாக உண்டாக்கிய விர்ச்சுவல் காப்பிகள், படங்களை அடுக்கிவைத்த ஸ்டாக்குகள். ஆல்பம் என்பது படத்தின் குணமல்ல, பல படங்களைச் சேர்த்துக் கட்டிய பட்டியல். ஒரு படத்தின் பின்பக்கம் அதை எழுத இடமில்லை. வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆல்பத்தையும் திறந்து, உள்ளே உள்ள படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, "ஆல்பம்: கொடைக்கானல் 2017" என்பது போல ஒரு குறிச்சொல் போட்டுவிடுங்கள். குறிச்சொல் படத்தோடு பயணம் செய்யும். புதிய மென்பொருளில் அந்தக் குறிச்சொல்லைத் தேடி, ஆல்பத்தை ஒரு நிமிடத்தில் மறுபடி கட்டிவிடலாம். ஐம்பது ஆல்பம் இருந்தால் இது ஒரு மாலை நேர வேலை. செய்யத் தகுந்த வேலை.

திருத்தங்கள் இன்னொரு சிக்கல். இன்றைய மென்பொருள்கள் மூலப் படத்தைத் தொடுவதில்லை. "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இடது ஓரத்தை வெட்டு" என்று செய்முறையை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, படத்தைக் காட்டும்போது அதைச் செய்து காட்டுகின்றன. சைட்காரில் அந்தச் செய்முறையும் வந்துவிடும். ஆனால் வேறு மென்பொருளுக்கு அது பயன்படாது, அல்லது ஏறக்குறையத்தான் பயன்படும். இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள் என்று குறிப்பில் இருந்தாலும் மிளகாய் வேறென்றால் குழம்பு வேறுதானே. வெளிச்சம், நிழல், நிறம் ஆகியவற்றைக் கணக்கிடும் சூத்திரம் ஒவ்வொரு மென்பொருளிலும் தனி. ஆகவே திருத்திய படங்களை மட்டும் வடிகட்டி, முழு அளவில், 90க்கு மேல் தரம் வைத்து ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து மூலத்தின் பக்கத்திலேயே வையுங்கள். விர்ச்சுவல் காப்பிகளையும் இப்படியே தனிப் படமாக்க வேண்டும். பிறகு மீண்டும் திருத்த நினைத்தால் மூலம் இருக்கிறது. அன்று செய்த திருத்தமும் கண்ணில் இருக்கிறது.

பிக்காஸாவில் வைத்திருந்தவர்கள் கவனிக்க: ஒவ்வொரு ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பொருட்கள் இருக்கும். நட்சத்திரமும் திருத்தமும் எழுதியிருக்கும் பிக்காஸா ஐ.என்.ஐ ஃபைல் ஒன்று. சேவ் செய்த படங்களின் பழைய மூலத்தை வைத்திருக்கும் பிக்காஸா ஒரிஜினல்ஸ் என்ற துணை ஃபோல்டர் இன்னொன்று. மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி வைக்காமல் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் இவை விட்டுப்போகும்.

## கூகுள் ஃபோட்டோஸிலிருந்து இறக்கும்போது

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நம் கணக்கில் இருப்பதை இறக்கித் தரும் கூகுள் டேக்கவுட் வசதி வழியாக மொத்தமாக இறக்கினால் வருடவாரியான ஃபோல்டர்களும், ஆல்பங்களுக்குத் தனி ஃபோல்டர்களும் வரும். ஆல்பத்தில் இருக்கும் படம் வருட ஃபோல்டரிலும் இருக்கும், ஆக ஒரே படம் இரண்டு முறை வரும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்ற வகைச் சிறு ஃபைல் ஒன்றும் வரும். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடுகிறார்கள். அழிக்கவே கூடாது.

ஒரு ஸ்கேன் செய்த படத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டியின் 1965ஆம் வருடப் படத்தை 2019இல் ஸ்கேன் செய்து கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றினீர்கள். அங்கே தேதியை 1965 என்று திருத்தி, விவரத்தில் "பாட்டி, காரைக்குடி வீடு" என்று எழுதினீர்கள். டேக்கவுட்டில் வரும் ஜேபெக்கைத் திறந்தால் உள்ளே 2019தான் இருக்கும், விவரமும் இருக்காது. கூகுள் நீங்கள் ஏற்றிய ஃபைலுக்குள் எதையும் எழுதாது. 1965ம் காரைக்குடியும் அந்த ஜேசனில்தான் இருக்கின்றன. முகத்துக்கு நீங்கள் கொடுத்த பெயரும் அதில்தான், ஆனால் பெயர் மட்டும். படத்தில் அந்த முகம் எங்கே என்ற கட்டம் வராது.

டேக்கவுட் பல ஜிப் ஃபைல்களாக வரும். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் அடுத்த ஜிப்பிலும் இருப்பது சாதாரணம். அதனால் எல்லா ஜிப்பையும் முழுதாக இறக்கி, ஒரே ஃபோல்டருக்குள் விரித்த பிறகே அடுத்த வேலை. ஒரு ஜிப்பின் அளவை 50 ஜி.பி வரை தேர்ந்தெடுக்கலாம். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடமென்றால் 50 எடுக்க வேண்டாம், 45ஆவது ஜி.பியில் நின்றால் முழுவதும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். 10 போதும். இறக்கும் இணைப்பு சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

ஜேசனில் உள்ளதைப் படத்துக்குள் எழுத எக்சிஃப்டூல் இருக்கிறது. ஃபில் ஹார்வி உருவாக்கிய இலவசக் கருவி. படத்துக்குள் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் காட்டும், எழுதவும் செய்யும். எழுதும்போது வேண்டாம் என்று சொல்லாதவரை பழைய ஃபைலையும் தனியே வைத்துக்கொள்ளும் என்பது ஒரு நிம்மதி. பெயர் நீளமான படங்களில் ஜேசனின் பெயர் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் வரும் எண் படத்தில் ஓரிடத்திலும் ஜேசனில் வேறிடத்திலும் இருக்கும். கருவி ஜோடி சேர்க்காமல் விட்டவற்றின் பட்டியலை எடுத்து அவற்றை மட்டும் கையால் சேர்க்க வேண்டும்.

## பொங்கல் படம் ஏன் போகியில் போய் நிற்கிறது

பொங்கலன்று விடியற்காலை 5 மணிக்குப் பானை பொங்கும் படம் எடுத்தீர்கள். புதிய மென்பொருளில் அது முந்தின நாள் இரவு 11:30 என்று காட்டுகிறது. யாரும் தப்புச் செய்யவில்லை. கேமரா எக்சிஃபில் எழுதுவது உள்ளூர் கடிகார நேரம். எந்த ஊர் நேரம் என்று எழுதும் இடம் 2016இல் வந்த எக்சிஃப் 2.31இல்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய படங்களில் இராது. கூகுளின் ஜேசனோ யு.டி.சி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. இந்தியாவும் இலங்கையும் அதைவிட 5:30 மணி நேரம் முன்னால். ஜேசன் நேரத்தை அப்படியே எக்சிஃபில் எழுதினால் காலை 5:30க்கு முன் எடுத்த எல்லாப் படங்களும் ஒரு நாள் பின்னே போய்விடும்.

ஆகவே எக்சிஃபில் நல்ல தேதி ஏற்கெனவே இருந்தால் தொடாதீர்கள். தேதி இல்லாதவற்றுக்கும் நீங்களே திருத்தியவற்றுக்கும் மட்டும் ஜேசனிலிருந்து எடுத்து, 5:30 கூட்டி எழுதுங்கள். வீடியோக்களில் இது தலைகீழ்: எம்பி4 வடிவத்தில் நேரம் யு.டி.சியில் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. ஒரே விழாவின் படமும் வீடியோவும் ஐந்தரை மணி நேரம் விலகி நின்றால் காரணம் இதுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எக்சிஃப் இருக்காது, அனுப்பும்போதே நீங்கிவிடும். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஃபைலின் பெயரில் வருடம், மாதம், தேதி எட்டு இலக்கமாக இருக்கும், அது உங்களுக்கு வந்த நாள். அந்தப் பெயரை மாற்றினால் மிச்சமிருக்கும் ஒரே துப்பும் போய்விடும்.

## ஒரே ஃபோல்டர், இரண்டு தடவை

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் "பொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். "ப"வோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தெண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு எழுத்தெண்ணாகப் பிரித்துச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் எச்.எஃப்.எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்து வைக்கும். விண்டோஸ் தட்டச்சில் வருவது பெரும்பாலும் சேர்த்த வடிவம். மேக்கிலிருந்து ஒரு தடவை, விண்டோஸிலிருந்து ஒரு தடவை என்று ஒரே டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் "பொங்கல் 2019" என்ற ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிற்கும். கேட்டலாக் ஒன்றைத் தேடும், படம் மற்றதில் இருக்கும், "ஃபைல் காணவில்லை" என்று வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயர்களுக்கும் இது பொருந்தும்.

மாற்றும் வேலை முடியும்வரை ஃபோல்டர்களுக்கு 2019-01-15 என்று எண்ணில் பெயர் வைப்பது எளிய வழி. தமிழ்ப் பெயரைத் தலைப்பிலும் குறிச்சொல்லிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சைட்காருக்கும் பெயர்த் தகராறு உண்டு. 0412 என்ற ரா படத்துக்கு லைட்ரூம் உண்டாக்கும் சீட்டின் பெயர் 0412.எக்ஸ்.எம்.பி. டிஜிகேமும், ரா படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான டார்க்டேபிளும் படத்தின் பின்னொட்டையும் (நிக்கான் ராவுக்கு என்.இ.எஃப்) சேர்த்து 0412.என்.இ.எஃப்.எக்ஸ்.எம்.பி என்று வைக்கும். ஒன்றின் சீட்டை மற்றது கவனிக்காமல் போக இது போதும். டிஜிகேமில் மெட்டாடேட்டா அமைப்பின் சைட்கார் பகுதிக்குப் போய், சைட்காரைப் படிக்கும்படியும், வணிக மென்பொருள்களோடு ஒத்துப்போகும் பெயரைப் பயன்படுத்தும்படியும் தேர்வு செய்யுங்கள். இதைப் படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், தகவல் தொலைவது மூன்று விதம்: எழுதப்படாமலே நோட்டில் தங்குவது, எழுதியும் புதிய மென்பொருள் படிக்காமல் விடுவது, படித்தும் தப்பாகப் புரிந்துகொள்வது. இனிச் செய்முறை.

## வேலையை எந்த வரிசையில் செய்வது

முதலில் பேக்கப். 400 ஜி.பி தொகுப்பு என்றால் 1 டி.பி டிஸ்க்காவது வேண்டும். விலை அனுமதித்தால் 2 டி.பி. படங்களோடு கேட்டலாக் ஃபைலையும் காப்பி செய்யுங்கள், அப்போது பழைய மென்பொருள் மூடியிருக்க வேண்டும். ஆப்பிள் ஃபோட்டோஸில் இருந்தால், "ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்" போட்டிருந்தால் உங்கள் மேக்கில் இருப்பது பல படங்களின் சிறிய நகல்தான், மூலம் ஐகிளவுடில் இருக்கிறது. மூலங்களை இறக்கும்படி மாற்றி, அது முடியும்வரை காத்திருந்துதான் பேக்கப் எடுக்க வேண்டும்.

கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி மட்டும். எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டவும் வேண்டாம். கேமராவின் எண் 9999 ஆனதும் மறுபடி 0001இலிருந்து தொடங்கும். பத்து வருடத் தொகுப்பில் ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு படங்கள் இருக்கும். "ரீப்ளேஸ் செய்யவா?" என்று கணினி கேட்கும்போது கை பழக்கத்தில் ஆம் என்று அழுத்தினால் ஒரு படம் நிரந்தரமாகப் போகும்.

காப்பி சரியாக வந்ததா என்று பார்க்க ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுவது முதல் படி. ஜேபெக் எத்தனை, ரா எத்தனை, வீடியோ எத்தனை என்று வகைவாரியாக எண்ணுங்கள். மொத்தம் சரியாக இருந்து ஒரு வகை குறைவதும் நடக்கும். அடுத்தது செக்சம். ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து உண்டாக்கும் கைரேகை அது; ஒரு பிட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். டெராகாப்பி போன்ற கருவிகளில் காப்பிக்குப் பிறகு சரிபார்க்கும் தேர்வு இருக்கிறது. இந்தச் சோதனையை மெட்டாடேட்டா எழுதுவதற்கு முன் செய்யுங்கள், எழுதிய பிறகு கைரேகை மாறுவது இயல்பு.

பிறகு பழைய மென்பொருளில் ஆல்பத்தைக் குறிச்சொல்லாக்குவது, மெட்டாடேட்டாவை ஃபைலில் எழுதவைப்பது, திருத்திய படங்களை எக்ஸ்போர்ட் செய்வது. இந்த வரிசை மாறக்கூடாது. குறிச்சொல் போடும் முன்பே எழுதவைத்தால் ஆல்பம் விட்டுப்போகும்.

உடனே எல்லாவற்றையும் புதிய மென்பொருளுக்குள் இழுக்காதீர்கள். ஐம்பது படம் கொண்ட ஒரு சோதனை ஃபோல்டரை உண்டாக்குங்கள். அதில் தமிழ் விவரம் எழுதிய படம் இருக்கட்டும். முகத்துக்குப் பெயர் கொடுத்தது, ஸ்கேன் செய்து தேதி திருத்தியது, ராவும் ஜேபெக்கும் ஜோடியாக உள்ளது, வீடியோ, வாட்ஸ்அப் படம், "ஊர் / மதுரை / தெப்பக்குளம்" என்று அடுக்காகக் குறிச்சொல் போட்டது இவையும் வேண்டும். ஐஃபோனின் லைவ் ஃபோட்டோ இருந்தால் அதையும் போடுங்கள். அது ஒரு படமும் ஒரு சிறு வீடியோவுமாக இரண்டு ஃபைல், பெயர் ஒன்றாக இருந்தால்தான் ஜோடி நிற்கும். இந்த ஐம்பதைப் புதிய மென்பொருளில் சேர்த்து, இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதா? அடுக்குக் குறிச்சொல் தட்டையாகி "மதுரை" தனியே நிற்கிறதா? தேதி நகர்ந்ததா? இங்கே கண்ட பிழையை ஐம்பது படத்தில் சரிசெய்வது அரை மணி வேலை. நாற்பதாயிரம் படத்தில் கண்டால் வாரக்கணக்கு.

சோதனை சரியென்றால் ஒரு வருடத்தின் படங்களை மட்டும் சேர்த்து, ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். அதன் பிறகு மீதி. புதிய மென்பொருளிலும் மாற்றங்களை ஃபைலில் எழுதும் தேர்வை முதல் நாளே போட்டுவையுங்கள். டிஜிகேமில் மெட்டாடேட்டா அமைப்பில் குறிச்சொல், விவரம், நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு இருக்கிறது.

## பழையதை எப்போது விடுவது

குறைந்தது ஆறு மாதம் பழைய கேட்டலாக்கையும் டேக்கவுட் ஜிப்களையும் தொடாமல் ஒரு டிஸ்க்கில் வையுங்கள். லைட்ரூம் கிளாசிக்கின் சந்தா முடிந்தாலும் மென்பொருள் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். படத்தைத் திருத்தும் டெவலப், வரைபடத்தில் காட்டும் மேப் ஆகிய பகுதிகள்தான் பூட்டிக்கொள்ளும். எனவே சந்தா நாள் நெருங்குகிறது என்று அவசரப்பட வேண்டியதில்லை, திருத்திய படங்களின் எக்ஸ்போர்ட்டை நிதானமாகவே முடிக்கலாம்.

கூகுள் ஃபோட்டோஸில் இடம் காலி செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோனில், ஆப்புக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் அது கூகுள் கணக்கிலிருந்து மட்டும் போவதில்லை, ஃபோனிலிருந்தும் போகும். முதலில் பேக்கப்பை நிறுத்துங்கள். பிறகு கணினியின் பிரவுசரில் திறந்து, ஒரு மாதத்துப் படங்களை மட்டும் அழித்து, ஃபோனின் கேலரியில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பேக்கப் ஆன படங்கள் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். ஏதேனும் தவறியிருந்தால் அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.